மாத்திரை போறது மூளைக்கா ஆன்மாவுக்கா

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு மறைக்கல்வி வகுப்பு எடுக்கும்போது, பயாலஜி குரூப் படிக்கிற பிள்ளைககிட்ட இருந்து ஒரு கேள்வி எப்படியும் வந்துரும். "சார், மூளைல அடிபட்டா ஆளோட குணமே மாறுது, தைராய்டு கூடுனா படபடன்னு கோவம் வருது, மாத்திரை போட்டா கவலை குறையுது, அப்ப மனசுங்கறது மூளைதானே, ஆன்மான்னு தனியா ஒண்ணு எதுக்கு?" அப்படின்னு. எங்க காலத்துல இதைக் கேட்டா "சாமி விஷயத்துல குறுக்குக் கேள்வி கேக்காதே"ன்னு உக்கார வச்சிருவாங்க. இப்ப அது செல்லாது, நாம சொல்லலைன்னா பிள்ளைக போன்ல தேடிக்குவாங்க, அங்க ஒரு பக்கம் "ஆன்மா ஒரு கட்டுக்கதை"ன்னு ஒரு கோஷ்டி, இன்னொரு பக்கம் "மூளை சயின்ஸ் எல்லாம் சாத்தான் வேலை"ன்னு ஒரு கோஷ்டி, ரெண்டுமே கத்திக்கிட்டு இருக்கும்.

நான் டாக்டரும் இல்ல, சாமியாரும் இல்ல. காரைக்குடில பள்ளிக்கூடத்துல சயின்ஸ் எடுக்குற ஆளு. அதனால ஆரம்பத்துல இருந்து, நமக்குப் புரியிற மாதிரி சொல்லிப் பாக்கறேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இந்த விஷயத்துல கிறிஸ்தவத்துக்கு ஒரே ஒரு பதில் கிடையாது. நிறைய பேரு "இதுதான் நம்ம விசுவாசம்"னு நினைச்சுக்கிட்டு இருக்கறது பல பதில்ல ஒரு பதில் மட்டும்தான், என்னைக் கேட்டா அது ரொம்ப பலமான பதிலும் இல்ல.

மூணு வார்த்தையை பிரிச்சு வச்சுக்குவோம். மூளை, கையில தூக்கிப் பாக்கக்கூடிய உறுப்பு, பெரியவங்களுக்கு சுமார் 1.3, 1.4 கிலோ இருக்கும், உடம்பு எடைல 2 சதவீதம்தான் ஆனா நாம சாப்பிடுற சாப்பாட்டோட சக்தில சுமார் 20 சதவீதத்தை அது ஒண்ணே இழுத்துக்கும், உள்ள சுமார் 8,600 கோடி நியூரான் இருந்து ஒண்ணுக்கொண்ணு மின் துடிப்பாவும் ரசாயனமாவும் பேசிக்கிட்டே இருக்கு. மனசு, நாம நினைக்கிறது, பயப்படுறது, ஆசைப்படுறது, ஞாபகம் வச்சுக்கிறது, முடிவெடுக்கிறது இதெல்லாம் சேந்தது. ஆன்மா, இது சமய வார்த்தை, மனுசன் வெறும் சதையும் எலும்பும் மட்டும் இல்ல, கடவுளோட உறவு வச்சுக்கக்கூடியவன், சாவோட முடிஞ்சுபோறவன் இல்லன்னு சொல்றதுக்கு சபைக பயன்படுத்துறது. குழப்பம் எங்க வருதுன்னா, ரொம்ப காலமா மனசு செய்யற வேலை எல்லாத்தையும் ஆன்மா கணக்குல எழுதி வச்சுட்டோம், இப்ப சயின்ஸ்காரங்க ஒவ்வொண்ணா எடுத்து மூளை கணக்குல எழுதுறாங்க, அப்ப ஆன்மாவுக்கு மிச்சம் என்னன்னு பயம் வருது.

பயத்துக்கு காரணம் இல்லாம இல்ல. 1861ல பிரான்ஸ்ல பால் ப்ரோக்காங்கற டாக்டர்கிட்ட லெபோர்ன்னு ஒரு நோயாளி வந்தாரு, மத்தவங்க சொல்றது புரியும், ஆனா வாயத் தொறந்தா "டான், டான்"னு மட்டும்தான் வரும். அவர் இறந்தப்பறம் மூளையைப் பாத்தா இடது பக்கம் முன்னால ஒரு இடம் கெட்டுப்போயிருந்துச்சு. பேச்சுக்கு மூளைல இடம் இருக்குன்னு அடிச்சுச் சொல்ல அது ஒரு பெரிய ஆதாரமாச்சு. நம்ம ஊர்ல பக்கவாதம் வந்தவங்க வீட்டுல இதை நேராவே பாத்திருப்பீங்க, வலது கை கால் விழுந்தவங்களுக்கு பல நேரம் பேச்சும் சேந்து போயிரும்.

அதை விட பெரிய கேஸ் ஃபினியாஸ் கேஜ். அமெரிக்காவுல வெர்மான்ட்ல ரயில் பாதைக்கு பாறை உடைக்கிற கேங்குக்கு மேஸ்திரி, வயசு 25. 1848 செப்டம்பர் 13, வெடிமருந்தை இரும்புக் கம்பியால குத்தி இறுக்கும்போது வெடிச்சு, ஒரு மீட்டருக்கு மேல நீளம் சுமார் 6 கிலோ எடை உள்ள அந்தக் கம்பி இடது கன்னம் வழியா ஏறி மண்டை உச்சி வழியா வெளிய பறந்துருச்சு. ஆளு சாகல. கொஞ்ச நேரத்துல எழுந்து பேசினாரு. இடது கண்ணு போச்சு, ஆனா நடக்கிறது, பேசுறது, கணக்கு எல்லாம் இருந்துச்சு. மாறுனது குணம். பொறுப்பா நிதானமா இருந்த மனுசன், வாயில கெட்ட வார்த்தை, பிடிவாதம், போட்ட திட்டத்தை அடுத்த நிமிசமே விடுறதுன்னு ஆகிட்டாரு, இது நம்ம கேஜே இல்லைன்னு கூட்டாளிங்க சொன்னதா அவரைப் பாத்த டாக்டர் ஹார்லோ எழுதி வச்சிருக்காரு. இந்தக் கதையை நிறைய இடத்துல கூட்டிச் சொல்றாங்க, கடைசி வரைக்கும் தறுதலையாவே அலைஞ்சு செத்தாருன்னு. அது சரியில்ல. பின்னாடி சிலி நாட்டுல வருசக்கணக்கா குதிரை வண்டி ஓட்டி சம்பாதிச்சிருக்காரு, அதுக்கு நிதானம் வேணும், ஓரளவு தேறி வந்திருக்காருன்னுதான் இப்ப நினைக்கிறாங்க. 1860ல இறந்துட்டாரு.

இப்ப சமயக் கேள்வியை வைங்க. பொறுமை, நிதானம், நல்ல நாக்கு இதெல்லாம் ஆன்மாவோட குணம்னுதானே சொல்லிக் குடுக்கிறோம்? ஒரு இரும்புக் கம்பி ஆன்மாவைத் தொட முடியாதுன்னா குணம் எப்படி மாறுச்சு? தீர்ப்பு நாள்ல எந்த கேஜ் கணக்கு குடுக்கணும், கம்பிக்கு முன்னாடி இருந்தவரா பின்னாடி இருந்தவரா? இதை விளையாட்டா கேக்கல. வீட்டுல ஒருத்தருக்கு மூளைல கட்டி வந்தோ விபத்துல அடிபட்டோ குணம் மாறிருந்தா, இந்தக் கேள்வி தினம் சாப்பாட்டு நேரத்துல வந்து உக்காரும்.

முதல் பதில் எல்லாருக்கும் தெரிஞ்சது. உடம்பு வேற, ஆன்மா வேற, உடம்புக்குள்ள ஆன்மா குடியிருக்கு, செத்தா வெளிய போயிரும். கேத வீட்டுல "கூடு இங்க கிடக்கு, உசுரு போயிருச்சு"ன்னு சொல்லி அழுவாங்கல்ல, அதேதான். இதை ஐரோப்பாவுல தத்துவமா கட்டி நிறுத்துனவர் டேக்கார்ட், 1641ல. மூளைக்கு நடுவுல பட்டாணி அளவுல பீனியல் சுரப்பின்னு ஒண்ணு இருக்கு, அங்கதான் ஆன்மா உடம்போட சேருதுன்னு சொன்னாரு. இதுக்கு சரியான அடி ஒரு பொண்ணுகிட்ட இருந்து வந்துச்சு. பொஹீமியா இளவரசி எலிசபெத், 1643ல அவருக்கு கடுதாசி எழுதுறாங்க, ஆன்மாவுக்கு எடையும் இல்ல அளவும் இல்ல, எதையும் தொடவும் முடியாதுங்கறீங்க, அப்ப அது எப்படி கையைக் காலை அசைக்குதுன்னு. டேக்கார்ட் சுத்தி வளைச்சு பதில் எழுதினாரு, அந்தம்மா திருப்தி ஆகல. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கேள்வி அப்படியே நிக்குது.

இன்னொரு ஆளு நீல்ஸ் ஸ்டென்சன், டென்மார்க்காரர், உடற்கூறு நிபுணர். 1665ல பாரீஸ்ல மூளையைப் பத்தி பேசக் கூப்பிட்டாங்க, மேடை ஏறுனதும் மூளையைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சபையில வெளிப்படையா ஒத்துக்கிட்டுத்தான் ஆரம்பிச்சாரு. அப்பறம் டேக்கார்ட் சொல்ற மாதிரி பீனியல் சுரப்பி அசையவே வழியில்லன்னு மூளையோட அமைப்பை வச்சே காட்டுனாரு. இவரு பின்னாடி கத்தோலிக்கரா மாறி, குருவாகி, 1677ல ஆயரும் ஆனாரு. 1988ல போப் ரெண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி) குடுத்தாரு. கோவில் எப்பவும் சயின்ஸுக்கு எதிரின்னு பேசுறவங்களுக்கு நான் கலிலியோ கதையோட சேத்து இவரையும் சொல்றது வழக்கம், ரெண்டும் உண்மைதான்.

ஆனா இந்த முதல் பதிலை சும்மா தள்ளிற முடியாது. உடம்பைக் கொல்லுறவங்க ஆன்மாவைக் கொல்ல முடியாதுன்னு மத்தேயு 10:28ல ஆண்டவரே சொல்றாரு. சிலுவையில பக்கத்துல தொங்குன கள்ளன்கிட்ட இன்னைக்கே நீ என்கூட பரதீசுல இருப்பேன்னாரு, அன்னைக்கு சாயங்காலம் ரெண்டு பேரு உடம்புலயும் உசுரு இல்ல. இதை வச்சுத்தான் ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் மாதிரி கிறிஸ்தவ தத்துவ அறிஞர்கள் இன்னமும் ஆன்மா தனின்னு வாதாடுறாங்க, சாதாரண ஆளுங்க இல்ல, ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர்கள். பெந்தெகொஸ்தே சபைகள்ல இன்னும் ஒரு படி போய் ஆவி, ஆத்துமா, சரீரம்னு மூணா பிரிப்பாங்க, 1 தெசலோனிக்கேயர் 5:23ஐ வச்சு. மனநோய்னா ஆத்துமால கோளாறா ஆவில கோளாறான்னு அங்க நடக்கிற விவாதம் தனிக்கதை, அதுக்குள்ள நான் போகல.

எனக்கு மனசுக்கு ஒட்டுற பதில் ரெண்டாவது, கத்தோலிக்க இறையியல் மேதை தாமஸ் அக்வினாஸ் சொன்னது, 13ஆம் நூற்றாண்டு. ஆன்மா உடம்புக்குள்ள குடியிருக்கிற இன்னொரு பொருள் இல்ல, இந்தச் சதையையும் எலும்பையும் உசுருள்ள மனுசனா ஆக்குற அமைப்பே ஆன்மாதான்னு அவர் சொன்னாரு. வகுப்புல இதைச் சொன்னா பிள்ளைக முழிப்பாங்க. அப்ப நான் ஆத்தங்குடி கல்லை காட்டிருவேன், வகுப்பு நடக்கிற அறைலயே கீழ அதுதான் போட்டிருக்கு. ஆத்தங்குடில போய் பாத்தவங்களுக்குத் தெரியும், கண்ணாடித் தகடு மேல சட்டத்தை வச்சு, பூ வேலை அச்சை உள்ள இறக்கி, கலர் கலந்த சிமெண்டு பாலை ஒவ்வொரு கட்டத்துலயும் ஊத்துவாங்க, பச்சைக்கு ஒரு கரண்டி, செங்காவிக்கு ஒரு கரண்டி. அச்சைத் தூக்கிட்டு மேல காஞ்ச சிமெண்டும் மணலும் தூவி, அப்பறம் ஈரக்கலவை போட்டு சமப்படுத்தி, தண்ணில ஊறவச்சு காயவச்சு எடுத்தா கண்ணாடி பட்ட பக்கம் பளபளன்னு வரும். சூளையும் இல்ல, மேல பெயிண்டும் இல்ல. இப்ப அந்தக் கல்லைக் கையில வச்சுக்கிட்டு "பூ எங்க இருக்கு, சிமெண்டு எங்க இருக்கு, தனித்தனியா எடுத்துக் குடு"ன்னா முடியுமா? பூங்கறது சிமெண்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற இன்னொரு பொருள் இல்ல, ஆனா பூவே இல்ல வெறும் சிமெண்டுதான்னு சொல்றவனையும் வீடு கட்டுற ஆச்சி வெளக்குமாத்தை எடுத்துக்கிட்டு விரட்டுவாங்க.

அக்வினாஸோட பார்வைல மூளைக்கு அடிபட்டா மனசு பாதிக்கிறது அதிர்ச்சியே இல்ல, அப்படித்தான் நடக்கணும். கேஜ் கேஸை அவர்கிட்ட கொண்டுபோயிருந்தா தூக்கம் கெட்டிருக்க மாட்டாரு. 1312ல பிரான்ஸ்ல வியன் நகர்ல ஆயர்கள் கூடி நடத்துன சங்கம் இந்தக் கருத்தை சபைப் போதனையாவே ஏத்துக்கிச்சு, இப்ப இருக்கிற கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டுல (சபைப் போதனையை எண் போட்டுத் தொகுத்த புத்தகம்) 365ஆம் எண்ல அதேதான் இருக்கு, ஆன்மாவும் உடம்பும் சேந்தது ரெண்டு இயல்போட கூட்டு இல்ல, ஒரே இயல்புன்னு. கல்லு உதாரணம் ஒரு இடத்துல உடையும், அதையும் சொல்லிடணும். கல்லு நொறுங்குனா பூவும் போச்சு. அக்வினாஸ் மனுச ஆன்மா அப்படிப் போகாதுங்கறாரு, உண்மை எது நீதி எதுன்னு யோசிக்கிற சக்தி எந்த ஒரு உறுப்போட வேலையாவும் அடங்காது, அதனால உடம்பு போனாலும் அது நிக்கும்னு. ஆனா அது முழு மனுசன் இல்ல, பாதி நிலைமை. பவுலோட கொரிந்தியர் கடிதத்துக்கு உரை எழுதும்போது "என் ஆன்மா நான் இல்ல"ன்னே எழுதிட்டாரு, ஆன்மா மட்டும் கரையேறுனா நான் கரையேறுனதா ஆகாதுன்னு அர்த்தம்.

இது நம்ம ஆளுங்க பல பேரு மறந்துபோன விஷயம். ஞாயித்துக்கிழமை தோறும் விசுவாசப் பிரமாணத்துல "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்"னு மடமடன்னு சொல்லிட்டு வந்து, வீட்டுல உடம்பு வெறும் சட்டை, கழட்டிப் போட்டுட்டு ஆன்மா மேல போயிரும்னு பேசுறோம். கிறிஸ்தவத்தோட கடைசி நம்பிக்கை உடம்பு திரும்ப எழும்புறதுலதான் இருக்கு. உயிர்த்தெழுந்த இயேசு சீடருக முன்னாடி பொரிச்ச மீனை வாங்கித் தின்னாருன்னு லூக்கா மெனக்கெட்டு எழுதி வச்சது சும்மா இல்ல.

மூணாவது பதில் கொஞ்சம் துணிச்சலானது. கலிபோர்னியாவுல ஃபுல்லர் இறையியல் கல்லூரில இருந்த நான்சி மர்ஃபி மாதிரி சில கிறிஸ்தவ அறிஞர்கள், ஆன்மான்னு தனிப்பொருளே வேண்டாங்கறாங்க. மனுசன் முழுக்க உடம்புதான், ஆனா இந்த அளவுக்கு சிக்கலா அமைஞ்ச உடம்புக்கு யோசிக்கிற, நேசிக்கிற, கடவுளுக்கு பதில் சொல்ற திறன் வருது, அந்தத் திறனை நியூரான் கணக்கா மட்டும் சுருக்க முடியாதுன்னு. தொடக்க நூல் 2:7ல கடவுள் மண்ணை எடுத்து உருவாக்கி மூச்சை ஊதினதும் மனுசன் உசுருள்ளவனா "ஆனான்"னுதான் இருக்கு, உள்ள ஒண்ணை வச்சதா இல்லன்னு சொல்லுவாங்க. சாவுக்கும் உயிர்ப்புக்கும் நடுவுல ஆளு எங்கன்னு கேட்டா, கடவுள் ஞாபகத்துல, திரும்ப எழுப்புறது அவர் பொறுப்புங்கறாங்க. செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபைல ரொம்ப காலமாவே இறந்தவங்க உயிர்ப்பு நாள் வரைக்கும் தூங்குறாங்கன்னுதான் போதனை.

கத்தோலிக்கருக்கு இது கஷ்டம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு கல்லறைக்கு வெள்ளையடிச்சு, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏத்தி ஜெபிக்கிறது யாருக்கு? இப்ப இல்லாத ஆளுக்கா? 1996ல ரெண்டாம் ஜான் பால், வத்திக்கான் சயின்ஸ் அகாடமிக்கு அனுப்புன செய்தில, மனுச உடம்பு எப்படி வந்துச்சுன்னு பரிணாமத்தை ஆராயட்டும், ஆனா மனுச ஆவி வெறும் பருப்பொருள்ல இருந்து கிளம்புன உபபொருள்னு சொல்றது ஒத்துவராதுன்னு கோடு போட்டாரு. நான் அந்தக் கோட்டுக்கு உள்ள நிக்கிற ஆளுதான், ஆனாலும் மர்ஃபி ஆளுங்களை அவிசுவாசிகள்னு திட்டுறதுல எனக்கு உடன்பாடு இல்ல, அவங்களும் அதே உயிர்ப்பைத்தான் நம்புறாங்க.

இனி ஆராய்ச்சிக் கூடத்துக்கு வருவோம். கனடாவுல மாண்ட்ரியல்ல வைல்டர் பென்ஃபீல்டுன்னு ஒரு மூளை அறுவை டாக்டர், வலிப்பு நோயாளிகளை முழிப்பா வச்சுக்கிட்டே மண்டையைத் தொறந்து (மூளைக்கு வலி தெரியாது, தோலுக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டா போதும்) கரண்டு கம்பியால தொட்டுத் தொட்டு எந்த இடம் எதுக்குன்னு பாத்தாரு. ஒரு இடத்தைத் தொட்டா கை தானா தூக்கும். நீங்களா தூக்குனீங்கன்னு கேட்டா நோயாளி "நான் தூக்கல, நீங்கதான் தூக்க வச்சீங்க"ம்பாரு. கையை அசைக்க வைக்க முடிஞ்சுது, பழைய ஞாபகத்தைக் கிளப்ப முடிஞ்சுது, ஆனா எங்க தொட்டாலும் ஒருத்தரை முடிவெடுக்க வைக்கவோ நம்ப வைக்கவோ முடியல, அதனால மனசு மூளைக்கு அப்பாற்பட்டதுன்னு கடைசிக் காலத்துல அவர் முடிவுக்கு வந்தாரு. பிரசங்கத்துல இதை நிறைய பேரு மேற்கோள் காட்டுறாங்க. ஆனா 2009ல பிரான்ஸ்ல ஒரு குழு மூளையோட பின்பக்க மேல்பகுதில தொட்டப்ப நோயாளிகளுக்கு கை கால் அசைக்கணும்னு ஆசையே வந்துச்சு. அதனால பென்ஃபீல்டு வாதத்தை மட்டும் நம்பி விசுவாசத்தைக் கட்டாதீங்க. சயின்ஸ் இன்னும் விளக்காத ஓட்டையில கடவுளைக் கொண்டுபோய் வச்சா, ஓட்டை அடைபடும்போது அவரையும் சேத்து வெளிய தள்ள வேண்டி வரும்.

பென்ஃபீல்டுகிட்ட படிச்சவர்தான் கேரளாவைச் சேந்த ஜேக்கப் சாண்டி. அவர் திரும்பி வந்து 1949ல வேலூர் சிஎம்சில ஆரம்பிச்சதுதான் இந்தியாவோட முதல் மூளை நரம்பு அறுவை சிகிச்சைத் துறை. நம்ம பக்கத்துல தலைல கட்டின்னா "வேலூருக்குக் கொண்டு போயிருங்க"ன்னு இன்னமும் சொல்றாங்கல்ல, ஒரு மிஷன் ஆஸ்பத்திரில இருந்து அந்தப் பேரு வந்துச்சு. மூளையைத் தொடுறது கடவுள் வேலைல தலையிடுறதுன்னு அவங்க நினைக்கல.

அப்பறம் லிபெட் பரிசோதனை. இதைக் காட்டித்தான் "உனக்கு சுய விருப்பமே இல்ல"ன்னு ரீல்ஸ் போடுறாங்க. 1983ல பெஞ்சமின் லிபெட்ங்கற மூளை ஆராய்ச்சியாளர், ஆளுங்களை ஒரு கடிகாரத்தைப் பாக்கச் சொல்லி, தோணும்போது மணிக்கட்டை மடக்குங்க, எப்ப தோணுச்சுன்னு முள்ளு இருந்த இடத்தைச் சொல்லுங்கன்னாரு. தோணுச்சுன்னு அவங்க சொன்ன நேரம் அசைவுக்கு சுமார் 0.2 நொடி முன்னாடி, ஆனா மூளைல மின் அலை சுமார் 0.55 நொடி முன்னாடியே கிளம்பிருச்சு. அப்ப முடிவெடுத்தது மூளை, நாம பின்னாடி கையெழுத்து மட்டும் போடுறோமா? 2012ல ஆரன் ஷர்கர் குழு, அந்த அலை முடிவே இல்ல, மூளைல எப்பவும் ஏறி இறங்குற அலைய சராசரி எடுத்தா அப்படித்தான் தெரியும்னு வேற விளக்கம் குடுத்தாங்க, சண்டை இன்னும் ஓடுது. எனக்குப் பிடிச்சது லிபெட்டே சொன்னது. தூண்டுதல் தானா வரலாம், ஆனா கடைசி நிமிசத்துல "வேண்டாம்"னு நிறுத்துற உரிமை நமக்கு இருக்கு, பத்துக் கட்டளைல பெரும்பாலானது "செய்யாதே"ன்னு இருக்கறது இதோட ஒத்துப்போகுதுன்னு அவரே எழுதியிருக்காரு. அவர் கிறிஸ்தவர் இல்ல, ஆனா எங்க பிரசங்கியார்க யாரும் இவ்வளவு அழகா சொல்லி நான் கேட்டதில்ல. மத்தபடி மனுசனுக்கு சுயாதீனம் எவ்வளவுங்கறது புதுக்கேள்வியும் இல்ல, 1524, 25ல கத்தோலிக்க அறிஞர் எராஸ்மஸும் புராட்டஸ்டண்ட் சபையை ஆரம்பிச்ச லூத்தரும் இதுக்குத்தான் அடிச்சுக்கிட்டாங்க, அப்ப ஸ்கேன் மிஷின் கிடையாது.

ஸ்கேன்னதும் கன்னியாஸ்திரிகள் ஆராய்ச்சி ஞாபகம் வருது. 2006ல கனடாவுல 15 கார்மேல் சபை சிஸ்டர்களை ஸ்கேன் பண்ணாங்க, கடவுளோட ஒன்றிப்போற அனுபவத்துல மூளை என்ன செய்யுதுன்னு பாக்க. கடவுளை நாங்க நினைச்ச நேரத்துக்கு வரவழைக்க முடியாதுன்னு சிஸ்டர்கள் சொல்லிட்டாங்க, அதனால பழைய அனுபவத்தை நினைச்சுப் பாக்கச் சொல்லித்தான் எடுத்தாங்க. "கடவுள் புள்ளி"ன்னு ஒரே இடம் எதுவும் மாட்டல, பல இடம் சேந்து வேலை செஞ்சுது. இதுல கடவுள் உண்டுன்னும் தெரியாது, இல்லைன்னும் தெரியாது. எதிர்ல நிக்கிற ஆளைப் பாத்தாலும் மூளைல ஒரு இடம் வேலை செய்யத்தான் செய்யும், அதனால ஆளு பொய்யாகிற மாட்டாரு. ரெண்டு பக்கமும் இதை வச்சு ஆடுற ஆட்டம் வீண்.

எனக்கு இதெல்லாம் புத்தக விஷயமா இருந்தது அப்பத்தாவுக்கு மறதி நோய் வர்ற வரைக்கும்தான். தேவகோட்டைப் பக்கம் கிராமத்துல வீடு. மத்தியானம் சாப்பிட்டதை சாயங்காலம் மறந்தது போயி, என் அத்தையை, பெத்த பொண்ணை, எப்பவோ செத்துப்போன தங்கச்சின்னு நினைச்சு "ஏன்டி மாப்பிள்ளை கூட்டிட்டு வரலையா"ம்பாக. என்னைப் பாத்து "யாரு வீட்டுப் பிள்ளைப்பா, சாப்பிட்டியா"ம்பாக. ஆனா ராத்திரி ஜெபமாலைக்கு உக்காந்து நாங்க "அருள் நிறைந்த மரியே வாழ்க"ன்னு இப்ப இருக்கிற ஜெபத்தை ஆரம்பிச்சா போதும், கண்ணை மூடிக்கிட்டு மறுபாதியை பழைய பாடத்துல "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே"ன்னு ஒரு எழுத்து பிசகாம சொல்லுவாக. சின்ன வயசுல ஏறுனது. நடுவுல ஜெபத்தை மாத்துனப்ப அவுகளும் பழகுனாகதான், அது நிக்கல. மணி உருட்டுற விரல் மட்டும் நிறுத்தாது, பத்து முடிஞ்சு பெரிய மணி வந்ததும் தானா நிக்கும். சயின்ஸ் இதுக்கு காரணம் சொல்லும், அல்சைமர் நோய் முதல்ல ஹிப்போகேம்பஸைப் பிடிக்குது, புது ஞாபகம் பதியற இடம் அது, ரொம்ப பழசா திரும்பத் திரும்ப சொல்லி ஊறுனதும் கைப்பழக்கமும் வேற பாதைல இருக்கறதால பிந்தித்தான் போகும். காரணம் சரிதான். நான் அதை "பாருங்க ஆன்மா மறக்கல"ன்னு சாட்சி சொல்லவும் மாட்டேன், ஏன்னா கடைசில அந்த ஜெபமும் போச்சு.

போனப்பறம் என்ன? ஞாபகம்தான் ஆளுன்னா அப்பத்தா சாவறதுக்கு முன்னாடியே இல்லாமப் போயிட்டாகன்னு அர்த்தம் ஆகிரும். ஸ்காட்லாந்துல ஜான் ஸ்விண்டன்னு ஒரு இறையியல் பேராசிரியர், முன்னாடி மனநல நர்ஸா வேலை பாத்தவர், இதுக்கு ஒரு பதில் சொல்றாரு. நாம யாருங்கறது நாம ஞாபகம் வச்சிருக்கறதுல இல்ல, கடவுள் நம்மள ஞாபகம் வச்சிருக்கறதுல இருக்குன்னு. ஏசாயா 49ல பெத்தவ பிள்ளையை மறந்தாலும் நான் மறக்க மாட்டேன்னு வர்றதை நான் அது வரைக்கும் ஆறுதல் வசனமா மட்டும்தான் வாசிச்சிருந்தேன், பெத்தவ நிஜமாவே மறக்கறதைப் பாத்தப்பறம் அது வேற மாதிரி கேக்குது. கள்ளனும் சிலுவைல "என்னை நினைவில் வையும்"னுதான் கேட்டான். சரி, இது சயின்ஸ் பதில் இல்ல, நிரூபிக்கவும் முடியாது. ஆனா அப்பத்தாவைக் குளிப்பாட்டி, தலை சீவி, கண்டாங்கிச் சேலையை மடிப்பு வச்சுக் கட்டிவிட்ட என் அத்தைக்கு, உள்ள ஒளிஞ்சிருக்கிற ஆன்மாவுக்காக இந்த வேலை பாக்கறோம்னு ஒரு நாளும் தோணல, இதுதான் எங்க ஆத்தான்னுதான் பாத்தாக. அக்வினாஸ் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்.

கடைசியா, இந்தப் பேச்செல்லாம் எதுக்குன்னா, நம்ம சபைகள்ல இன்னும் மனநோய்க்கு மாத்திரை போட்டா விசுவாசக் குறைவுன்னு நினைக்கிறாங்க. ஆன்மா தனி, அதுக்கு ஜெபம் போதும்ங்கற அந்த முதல் பதில்ல இருந்து வர்ற வினை இது. எங்க தெருவுல வலிப்பு உள்ள ஒரு பையனை ஒரு ஜெபக் கூட்டத்துல "விடுதலை கிடைச்சிருச்சு, மாத்திரையை நிறுத்துங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. கொஞ்ச நாள்ல ஒரு ராத்திரி விடாம ஃபிட்ஸ் வந்து மதுரைக்குத் தூக்கிட்டு ஓடுனாங்க. பிழைச்சுட்டான், ஆனா அந்த அம்மா இன்னமும் "நாமதான் சரியா விசுவசிக்கல போல"ங்கறாக, எனக்கு அதுதான் தாங்கல.

வலிப்பு சாமி குத்தம் இல்ல, மூளைல வர்ற நோய்னு சுமார் 2,400 வருசத்துக்கு முன்னாடியே ஹிப்போக்ரட்டிஸ் பேர்ல உள்ள கிரேக்க மருத்துவ எழுத்துல இருக்கு. மத்தேயு 4:24லயும் பேய் பிடிச்சவங்க, வலிப்பு உள்ளவங்க, முடக்குவாதக்காரங்கன்னு தனித்தனியாத்தான் பட்டியல் வருது. 17ஆம் அதிகாரத்துல ரெண்டும் ஒரே பையன்கிட்ட வருதேன்னு கேப்பீங்க, வருது, மறைக்கல. ஆனா அதை வச்சு எல்லா வலிப்பும் பேய்னு சொல்ல கத்தோலிக்க சபை விடாது. மறைக்கல்வி ஏடு 1673ல பேயோட்டும் சடங்குக்கு முன்னாடி இது நோயான்னு நல்லா பாக்கணும், மனநோய்க்கு வைத்தியம் பாக்கறது மருத்துவத்தோட வேலைன்னு இருக்கு. நம்ம பக்கத்து ஜில்லாவுல, மனநோய் தீரணும்னு தர்காவுக்கு ஆளுங்களைக் கூட்டிட்டு வர்ற ஏர்வாடில, 2001 ஆகஸ்ட் 6 அன்னைக்கு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சு, சங்கிலில கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேரு ஓடக்கூட முடியாம செத்தாங்க. அது ஒரு மதத்து ஆளுங்க தப்புன்னு யாரும் விரல் நீட்ட வேண்டாம், அங்க கொண்டுபோய் விட்டதுல எல்லா மதத்துக்காரங்களும் உண்டு. இப்ப 2017 மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலில கட்டக்கூடாது.

தற்கொலை விஷயத்துலயும் சபை மாறியிருக்கு. 1917 திருச்சபைச் சட்டத்துல தெரிஞ்சே உசுரை மாச்சுக்கிட்டவங்களுக்கு கோவில் அடக்கம் கிடையாது. 1983 சட்டத்துல அந்தத் தடை இல்ல. கடுமையான மன பாதிப்பு இருந்தா பொறுப்பு குறையும்னு மறைக்கல்வி ஏடு 2282 சொல்லுது, கேஜ்கிட்ட தீர்ப்பு எப்படின்னு மேல கேட்டதுக்கும் பதில் இந்தத் திசைலதான் இருக்கு. ஊர்ல இன்னும் "மந்திரிக்க மாட்டாங்க, பூசை கிடையாது"ன்னு அந்த வீட்டுக்காரங்களைக் குத்துறவங்க இருந்தா இதை எடுத்துக் காட்டுங்க.

எலியா கதையைப் படிங்க, 1 அரசர் 19. பெரிய தீர்க்கதரிசி, பயந்து ஓடி, சூரைச்செடி அடில படுத்துக்கிட்டு சாகணும்னு கேக்கறாரு. வந்த தூதர் விசுவாசத்தைப் பத்தி பிரசங்கம் பண்ணல. தணல்ல சுட்ட அடையும் தண்ணியும் குடுத்து சாப்பிடச் சொன்னாரு, தூங்க விட்டாரு, திரும்ப எழுப்பி இன்னொரு தடவை சாப்பிட வச்சாரு, கடவுள் பேசுனது அதுக்கப்பறம்தான்.

வீட்டுல யாருக்காவது ஃபிட்ஸ் வந்தா சாவிக்கொத்தை கையில திணிக்காதீங்க, வாயில கரண்டி வைக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு நேரத்தைப் பாருங்க, 5 நிமிசம் தாண்டுனா 108க்குக் கூப்பிடுங்க. மாத்திரையை எழுதிக்குடுத்த டாக்டரைக் கேக்காம, சாமியார் சொன்னாலும் சரி பாஸ்டர் சொன்னாலும் சரி, திடீர்னு நிறுத்தாதீங்க. மனசு சரியில்ல, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலைன்னா அரசாங்கத்தோட டெலி மானஸ் நம்பர் 14416, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.